குழந்தையின் பெயர் என்ற கட்டம்

‘குழந்தையின் பெயர்’ என்று போட்டிருந்த கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஆனந்தராஜ் ஏழு நிமிடமாக அரளிப் புதருக்குப் பின்னால் குந்தியிருந்தார். முட்டி வலி உயிரை எடுத்தது. குழந்தை என்று ஒன்று இருந்தால் ஒரு நொடியில் எழுதிவிட்டு எழுந்திருக்கலாம். ஆனந்தராஜுக்குக் குழந்தை கிடையாது. குழந்தைக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய மனைவியே வரவில்லை. வயது நாற்பத்தேழு ஆகிவிட்டது.

வேறு யாராவது என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். நம்ம ஆளால் அது முடியாது. ஓசூர் சிப்காட்டில் பிரேக் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் அவர் தரக்கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கையெழுத்துப் போட்ட எந்த ரிப்போர்ட்டிலும் ஒரு கட்டம் காலியாக இருந்ததில்லை. “எழுத ஒண்ணும் இல்லன்னா ‘பொருந்தாது’ன்னு எழுதுங்கடா, காலியா மட்டும் விடாதீங்க, ஆடிட்டர் தோலை உரிச்சிடுவான்” என்று புதிதாக வருகிற பையன்களை அவரே எத்தனையோ தரம் விரட்டியிருக்கிறார்.

சரி, அப்படியே எழுதிவிடலாம் என்று பேனாவை வைத்தார். குழந்தையின் பெயர்: பொருந்தாது. எழுதுவதற்கு முன்னால் மனசுக்குள் ஒரு தரம் படித்துப் பார்த்தார். கை எழுத மாட்டேன் என்று அடம்பிடித்தது.

கடைசியில் ‘சுப்ரியா’ என்று எழுதினார். பக்கத்துக் கட்டம் வயது. ஆறு என்று போட்டார். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

இந்த வம்பையெல்லாம் இழுத்துவிட்டவன் சுபாஷ் என்கிற டிரெய்னி பையன். ஒருநாள் கேன்டீனில் சாப்பிடும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டான்.

“சார், ஞாயித்துக்கிழமை எல்லாம் என்ன சார் பண்ணுவீங்க?”

“துணி துவைப்பேன்.”

“அப்புறம்?”

“காயப் போடுவேன்.”

“அப்புறம் சார்?”

“மடிச்சு வெப்பேன்.”

சுபாஷுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் போனைப் பிடுங்கி ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான்.

“ஊர் பூரா யாராரோ டப்பாவை ஒளிச்சு வெச்சிருக்காங்க சார். போன் வழி காட்டும். கண்டுபிடிச்சு, உள்ள இருக்கிற நோட்டுல பேரை எழுதிட்டு, இருந்த எடத்துலயே வெச்சிட்டு வந்துடணும்.”

“கண்டுபிடிச்சா என்ன தருவாங்க?”

“ஒண்ணும் தரமாட்டாங்க.”

“அப்புறம் எதுக்குப்பா?”

“வெளிய போய்ட்டு வந்த மாதிரி இருக்கும் சார்.”

அடுத்த மாதமே சுபாஷ் பூனாவில் வேலை கிடைத்துப் போய்விட்டான். விளையாட்டு மட்டும் போனில் தங்கிவிட்டது. ஆனந்தராஜ் ஞாயிற்றுக்கிழமைகளில் மொத்தமாகப் பேசுகிற வார்த்தை ஆறு. ‘ரெண்டு இட்லி, ஒரு வடை, சட்னி தனியா.’ டிபன் கடைக்காரர் ஒருநாள் அவரைப் பார்த்ததுமே கேட்காமல் தட்டில் வைத்துவிட்டார். அன்றைக்கு அந்த ஆறும் போச்சு. ராத்திரி படுக்கும்போது, காலையிலிருந்து ஒருவரிடமும் வாய் திறக்கவில்லையே என்று தோன்றி அவருக்குத் திக்கென்றது. மறு ஞாயிறு போனைக் கையில் பிடித்துக்கொண்டு டப்பாவைத் தேடிக் கிளம்பிவிட்டார்.

டப்பா இருந்தது ஊருக்கு வெளியே ஒரு ஏரிக்கரைப் பூங்காவில், பெரிய பாறைக்கும் அரளிப் புதருக்கும் நடுவில். பச்சை மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி. எதிரில் புங்கமரத்தடியில் சரசம்மா என்கிற அம்மாள் கொய்யாப்பழ வண்டி போட்டிருப்பாள். பெட்டியைத் திறப்பது வேறு யார் கண்ணிலும் படக்கூடாது என்பது விளையாட்டின் சட்டம். அதனால் ஆனந்தராஜ் முதலில் அவளிடம் ஒரு கொய்யா வாங்கி, அதைக் கடித்தபடி வானத்தைப் பார்த்து, அவள் மிளகாய்ப்பொடி டப்பாவைத் தேடிக் குனிகிற சமயமாகப் பார்த்துப் புதருக்குள் நுழைந்தார். யாரும் பார்க்கவில்லை என்று அவருக்குப் பெருமை.

திறந்தால் மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘சிறு குழந்தைகளோடு வரும் குடும்பங்களின் கவனத்துக்கு’ என்று தலைப்பு. குழந்தையே திறக்கட்டும், பெரியவர்கள் பிடுங்கக்கூடாது. ஒன்றை எடுத்தால் அதைவிடக் குறையாத ஒன்றை வைக்கவும். தின்பண்டம் வைத்தால் எறும்பு வரும். விழுங்கக்கூடிய சிறிய சாமான் வேண்டாம், கூரானது வேண்டாம். இப்படி வரிசையாக. உள்ளே ரப்பர் யானை, வளையல், குட்டி கார். அடியில் ஒரு நோட்டு. யாரோ ஸ்கேல் வைத்து அழகாகக் கட்டம் போட்டிருந்தார்கள். குடும்பத்தின் பெயர், குழந்தையின் பெயர், வயது, எடுத்தது, வைத்தது, சொல்ல விரும்புவது.

அவருக்கு முன்னால் முப்பத்தொன்பது குடும்பங்கள் எழுதியிருந்தன. தேவமணி குடும்பம், லிபியா, வயது 5, ‘யானையை விடமாட்டேன் என்று அழுகிறாள்.’ சிவராஜ் குடும்பம், ஹரீஷ்குமார், வயது 7, ‘மறுபடி வருவோம் என்று குதிக்கிறான்.’ கொடுத்துவைத்தவர்கள் என்று ஆனந்தராஜ் ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்துவிட்டுத்தான் அந்தக் கட்டத்துக்கு வந்து மாட்டிக்கொண்டார்.

சட்டைப் பையில் ஒரு பேரிங் குண்டு இருந்தது. கண்ணாடி மாதிரி பளபளக்கும். அதை வைத்துவிட்டு ஒரு நீல வளையலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு, பெட்டி இடம் மாறாமல் இருக்கிறதா என்று சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனார். அவர் எழுதியதற்குக் கீழே புதிதாக ஒரு வரி.

‘ராயப்பன் குடும்பம். மேக்ஸ்வெல், வயது 6. எடுத்தது: இரும்புக் குண்டு. வைத்தது: பம்பரம். சொல்ல விரும்புவது: சுப்ரியா வைத்த குண்டு நன்றாக இருக்கிறது. ஆனால் விழுங்கக்கூடியது வேண்டாம் என்று மூடியில் எழுதியிருக்கிறதே, கவனிக்கவில்லையா? சின்னஞ்சிறுசுகள் வந்துபோகிற இடம். தவறாக நினைக்க வேண்டாம்.’

இருபத்திரண்டு வருடமாக ஊரார் தப்பையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தவருடைய தப்பை இன்றைக்கு ஒருவர் எழுதியிருக்கிறார். அதுவும் இவ்வளவு மரியாதையாக! ஆனந்தராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. பேனாவைத் திறந்தார்.

‘வருந்துகிறோம். திருத்த நடவடிக்கை: இனி ஒன்றரை அங்குலத்துக்குக் குறைந்த எதுவும் வைக்கப்பட மாட்டாது. நிற்க. மேக்ஸ்வெல் வைத்த பம்பரத்தின் ஆணி கூராக உள்ளது. மூடியைப் பார்க்கவும்.’

ஒரு வாரம் தவியாய்த் தவித்தார். ரொம்பக் கறாராக எழுதிவிட்டோமோ? கோபித்துக்கொண்டு வராமலே போய்விடுவாரோ? மறு ஞாயிறு ஓட்டமும் நடையுமாகப் போய்த் திறந்தால் பதில் இருந்தது.

‘ஆணியை அரம் போட்டு மழுக்கிவிட்டேன். மேக்ஸ்வெல் சாரி சொல்லச் சொன்னான். சுப்ரியா எந்தக் கையால் எழுதுவாள்? இடது கைக்காரர்களுக்கு என்று ஒரு பென்சில் சீவி வாங்கி வைத்திருக்கிறேன்.’

இடது கைதான் என்று ஆனந்தராஜ் உடனே எழுதினார். சீவி வீணாகிவிடக்கூடாதே!

அப்படியே பிடித்துக்கொண்டது. வாரா வாரம் இரண்டு வரி. சுப்ரியாவுக்கு நாய் என்றால் பயம். மேக்ஸ்வெல்லுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சுப்ரியா தயிர்ச்சாதத்துக்கு மட்டும் வாய் திறப்பாள். மேக்ஸ்வெல் ஸ்கூல் டிராமாவில் மரமாக நடித்தான், மரத்துக்கு வசனம் கிடையாது, ஆனாலும் மற்றவன் வசனத்தை இவன் சொல்லிவிட்டான். அதைப் படித்து ஆனந்தராஜ் புதருக்குள்ளேயே சத்தமாகச் சிரித்துவிட்டார். பொம்மைக் கடையில் “பாப்பாவுக்கு என்ன வயசுங்க?” என்று கேட்டால் கொஞ்சம்கூடத் தடுமாறாமல் “ஆறுங்க, ஆகஸ்ட் வந்தா ஏழு” என்கிற அளவுக்கு முற்றிவிட்டது.

நடுவில் ஒரு ஞாயிறு கம்பெனியில் ஆடிட் வந்ததால் பூங்காவுக்குப் போக முடியவில்லை. மறுவாரம் பார்த்தால், ‘ஏன் வரவில்லை? மேக்ஸ்வெல் கேட்டுக்கொண்டே இருக்கிறான்’ என்று எழுதியிருந்தது. ஆறு வயதுக் குழந்தைக்கு ஆடிட் என்று சொல்ல முடியுமா? ‘சுப்ரியாவுக்குக் காய்ச்சல்’ என்று எழுதினார்.

அதற்கு அடுத்த வாரம் பெட்டிக்குள் ஒரு குட்டி மாதா படம். ‘டாக்டர் என்ன சொன்னார்? மேக்ஸ்வெல் முட்டி போட்டு ஜெபம் பண்ணினான்.’

ஆனந்தராஜுக்குச் செருப்பால் அடித்த மாதிரி ஆகிவிட்டது. இல்லாத குழந்தைக்காக இருக்கிற குழந்தை ஒன்று முட்டி போட்டிருக்கிறது! உடனே எழுதினார்: ‘பூரண குணம். மேக்ஸ்வெல்லை நேரில் பார்க்க வேண்டும் என்று சுப்ரியா ரொம்ப ஆசைப்படுகிறாள்.’

இது நாமெல்லாரும் சொல்வதுதான். ‘ஒருநாள் வீட்டுக்கு வாங்க’ என்போம். ‘அவசியம் வர்றோம்’ என்பார்கள். யாரும் யார் வீட்டுக்கும் போகமாட்டார்கள், அது ஒரு மரியாதை. ஆனால் ராயப்பன் மரியாதை தெரிந்தவர் மட்டுமில்லை, கேட்டதை மறுக்கத் தெரியாதவராகவும் இருந்து தொலைத்தார்.

‘சுப்ரியா ஆசைப்பட்டால் மறுக்க முடியுமா? வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே இடத்தில். குழந்தைகள் சேர்ந்து திறக்கட்டும்.’

ஆனந்தராஜ் அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை. ஊரைவிட்டே போய்விட்டோம் என்று எழுதிவிடலாம். எழுதினால் அதோடு மேக்ஸ்வெல்லும் போச்சு, ராயப்பனும் போச்சு. மறுபடியும் ரெண்டு இட்லி, ஒரு வடை. இந்த ஊரில் தன்னை ஏன் வரவில்லை என்று கேட்கிற ஒரே மனிதரை எப்படி விடுவது?

சனிக்கிழமை வேறு ஒரு யோசனை வந்தது. கீழ்வீட்டு சரிதாவுக்கு ஒரு பெண் குழந்தை, பிரியா. ஆறு வயது. மாடியில் வாடகைக்கு இருக்கிறவர் என்கிற அன்பில் தினமும் மாடியேறி வந்து “அங்கிள், இன்னைக்கு என்ன கொழம்பு?” என்று கேட்டுவிட்டுப் போகும். ஆனந்தராஜ் படியிறங்கிப் போய் நின்றார்.

“சரிதாம்மா, நாளைக்குக் காலையில ஒரு ரெண்டு மணி நேரம் பாப்பா வேணுங்க.”

சரிதா துடைப்பத்தைக் கீழே வைத்தாள். “எதுக்குங்க?”

“சும்மா, பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வந்துடறேன்.”

“அவ அங்க வந்து என்ன பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ண வேணாங்க. என்னை அப்பான்னு கூப்பிட்டா போதும்.”

சொல்லி முடித்த பிறகுதான் அது காதில் எப்படி விழும் என்பது அவருக்கு உறைத்தது. சரிதாவின் முகம் போன போக்கைப் பார்த்து, இருக்கிற படியெல்லாம் ஒரே தாவலில் ஏறி மேலே வந்துவிட்டார். அன்று சாயங்காலமே கீழ்வீட்டிலிருந்து மாடிப்படிக்கு வருகிற கதவுக்குப் பூட்டு விழுந்தது. குழம்பு என்ன என்று கேட்கவும் இனி ஆளில்லை.

ஞாயிறு காலை ஒன்பதேகாலுக்கே பூங்காவுக்குப் போய்விட்டார். பத்துக்கு அவர்கள் வருவதற்குள், ‘அவசரமாக ஊருக்குப் போகிறோம், மன்னிக்கவும்’ என்று நோட்டில் எழுதி, மேக்ஸ்வெல்லுக்கு வாங்கிய கிரேன் பொம்மையையும் வைத்துவிட்டு ஓடிவிடுவது என்று திட்டம். புங்கமரத்தடியில் சரசம்மா வண்டி இன்னும் வரவில்லை. நல்லதாகப் போச்சு என்று புதரை விலக்கினார்.

உள்ளே ஏற்கனவே ஒருவர் குந்தியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். தடித்த கண்ணாடி. மடியில் நோட்டு, கையில் திறந்த பேனா, பக்கத்தில் ரோஸ் காகிதம் சுற்றிய பார்சல். அதன் மேல் ‘சுப்ரியாவுக்கு’ என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது. ஆளைக் கண்டதும் படக்கென்று நோட்டை மூடினார்.

“ஆனந்தராஜ் சாருங்களா?”

“ராயப்பன் சார்? பத்து மணின்னு...”

“சீக்கிரம் வந்துட்டேனுங்க. சும்மா பழசெல்லாம் படிச்சிட்டு...” என்று எழுந்து நின்றார். “பாப்பா வரலீங்களா?”

வரவில்லை என்று சொல்லத்தான் ஆனந்தராஜ் வாயைத் திறந்தார். கண் அந்த ரோஸ் பார்சலில் போய் நின்றுவிட்டது.

“வந்திருக்காளே! அதோ, அந்தப் பக்கம் ஊஞ்சலுக்கு ஓடிட்டா. நம்ம மேக்ஸ்வெல்?”

ராயப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “அவனும் அங்கதாங்க ஓடினான். ஊஞ்சலைக் கண்டா அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.”

“அப்ப ரெண்டும் சேர்ந்துதான் ஆடிட்டு இருக்கும்.”

“ஆடட்டுங்க. நாம போய் நின்னா கூச்சப்படுங்க.”

“ஆமாங்க ஆமாங்க, நிம்மதியா விடணும்.”

இரண்டு பேரும் பாறையில் உட்கார்ந்தார்கள். அப்புறம் அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. ராயப்பன் ஊத்தங்கரைக்காரர். இங்கே ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஆனந்தராஜ் சாமல்பட்டி என்றதும், “அட, எங்க ஊருக்கு ரயிலடியே அதுதாங்க!” என்று தொடையில் தட்டினார். ஸ்டோரில் நட்டு போல்ட்டை எண்ணி எண்ணி ராத்திரி கனவிலும் எண்ணுகிறேன் என்றார். ஆனந்தராஜ் தன் ஆடிட் கதையைச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தான் சொன்னதற்கு ஒருவர் இப்படிச் சிரித்து எத்தனை வருடமாச்சு என்று ஆனந்தராஜ் நினைத்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. ஏரி பக்கம் காற்று சிலுசிலுவென்று வீசியது. “தண்ணின்னாலே எனக்கு உதறுங்க, எங்க ஊர்ல மழையே விருந்தாளி மாதிரிதான் வரும்” என்று ராயப்பன் காலைப் பாறைமேல் இழுத்து வைத்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிடலாமா? சொல்லலாம். இன்றைக்கு வேண்டாம். இந்த ஒரு காலைநேரம் முழுசாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஆனந்தராஜ் தீர்மானித்த சமயத்தில், பூங்கா வாட்ச்மேன் கங்கப்பன் தடியைத் தட்டிக்கொண்டு வந்தார்.

“யார் சார் நீங்கோ? புதர்ல உக்காந்து என்ன பண்றீங்கோ?”

“குழந்தைங்க ஊஞ்சல் ஆடுதுங்க, அதான் உக்காந்திருக்கோம்” என்றார் ஆனந்தராஜ்.

“எந்த ஊஞ்சல் சார்? அது சங்கிலி அறுந்து வெல்டிங்குக்குப் போயி பத்து நாளாச்சே!”

“அந்தப் பக்கம் வேற என்ன இருக்கு?” என்றார் ஆனந்தராஜ்.

“வேற என்னா? ஏரிதான் இருக்குது.”

மாட்டிக்கொண்டோம் என்றுதான் ஆனந்தராஜுக்கு முதலில் தோன்றியது. அடுத்த நொடி வேறொன்று உறைத்தது. தன்னுடையது பொய், போகட்டும். ஆனால் மேக்ஸ்வெல்? முன்பல் விழுந்த பையன், ஊஞ்சல் என்று ஓடியவன், அங்கே ஊஞ்சல் இல்லை, ஏரி இருக்கிறது. அவனைத் தேடிப் போகவிடாமல் அவன் அப்பாவைப் பேசிப் பேசி உட்கார வைத்தது யார்?

“மேக்ஸ்வெல்!” என்று கத்திக்கொண்டு எழுந்து ஓடினார்.

“சுப்ரியா! சுப்ரியா கண்ணு!” என்று பின்னாலேயே ராயப்பன் ஓடினார்.

பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு என் பெண்ணைக் கூப்பிடுகிறாரே, இப்படியும் ஒரு மனிதரா என்று ஓடுகிற ஓட்டத்திலும் ஆனந்தராஜுக்கு நெஞ்சு விம்மியது.

நடைப்பயிற்சிக்கு வந்த ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். “பையன் என்ன சட்டைங்க?” என்று ஆனந்தராஜ் ராயப்பன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“நீலம்... அதை விடுங்க சார், பாப்பா என்ன கவுன்?”

“மஞ்சள்! அதை விடுங்க, பையனைச் சொல்லுங்க!”

“பையன் கெடக்கறான், பொட்டப்புள்ள சார்!”

டிராக் சூட் போட்ட ஓர் அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “பெத்தவங்களா நீங்க? ரெண்டு ஆம்பளைங்க ஒக்காந்து ஊர்க்கதை பேசிட்டு, புள்ளைங்களை ஏரிக்கு அனுப்பி வெச்சிருக்கீங்க!”

“பாப்பா எவ்ளோ உசரம் சார்?” என்றார் கங்கப்பன்.

ஆனந்தராஜ் பதற்றத்தில் பழக்கதோஷமாகச் சொல்லிவிட்டார். “ஆயிரத்து நூத்தி இருபது மில்லிமீட்டர். கூடக்குறைய அஞ்சு.”

“சார், புள்ளையா பைப்பா?”

கங்கப்பன் விசில் ஊதினார். ஒரு கூட்டம் நீலச் சட்டையைத் தேடியது, ஒரு கூட்டம் மஞ்சள் கவுனைத் தேடியது. நீலச் சட்டைக்குப் போன ஆள் கம்மி. எல்லாரும் பொட்டப்புள்ள, பொட்டப்புள்ள என்று சுப்ரியாவையே தேடினார்கள். இவர்களை எப்படித் திருப்புவது என்று ஆனந்தராஜ் தவித்துக்கொண்டிருந்தபோது, கரையிலிருந்து ஒருத்தர் கத்தினார்.

“அங்க பாருங்க! மஞ்சளா ஏதோ மெதக்குது!”

ஆனந்தராஜ் திரும்புவதற்குள் ராயப்பன் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. தண்ணீர் என்றாலே உதறும் என்ற மனிதர், கண்ணாடி ஒரு பக்கம் தொங்க, “பயப்படாத சுப்ரியா, மாமா வந்துட்டேன்!” என்று போய்க்கொண்டேயிருந்தார். மிதந்தது காலி சிப்ஸ் பாக்கெட் என்று கரையிலிருந்தே தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை.

“திரும்பி வாங்க சார்! அது பாக்கெட்டு!” என்று கங்கப்பன் கூவினார்.

“அப்ப பாப்பா இன்னும் ஆழத்துல இருக்குது!” என்று ராயப்பன் மேலும் ஓர் அடி வைத்தார்.

இனி பொறுக்க முடியாது. சொன்னால் ராயப்பன் போய்விடுவார், மேக்ஸ்வெல் போய்விடுவான், ஞாயிற்றுக்கிழமை போய்விடும். சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவார். ஆனந்தராஜ் கரை ஓரச் சேற்றில் இறங்கி, ஏரி அதிரக் கத்தினார்.

“ராயப்பன் சார்! சுப்ரியான்னு யாருமே இல்ல சார்!”

விசில் நின்றது. ராயப்பன் அப்படியே திரும்பினார்.

“எனக்குக் கல்யாணமே ஆகல சார். கட்டத்தைக் காலியா விடக்கூடாதேன்னு ஒரு பேரை எழுதிட்டேன். நீங்க பதில் எழுதினீங்க. நிறுத்த மனசு வரல. வாரம் பூரா அந்த ரெண்டு வரியை நெனச்சுட்டேதான் இருந்தேன். என்னைச் செருப்பால அடிங்க, வாங்கிக்கறேன். மொதல்ல மேல வாங்க. எல்லாரும் மேக்ஸ்வெல்லைத் தேடுங்க. அவன் ஒருத்தன்தான் நெஜமாக் காணோம்!”

கூட்டம் அவரைப் பார்த்த பார்வையைச் சொல்லவே வேண்டாம். டிராக் சூட் அம்மாள் “தூ” என்றாள். கங்கப்பன் அவர் சட்டையைப் பிடிக்கப் போய், பையன் காணாமல் போனது நினைவுக்கு வந்து கையை எடுத்துக்கொண்டார்.

“உங்ககிட்ட அப்புறம் பேசிக்கறேன் சார். போலீசுக்குப் போன் போடறேன்.” ஏரியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “சார், பையன் போட்டோ இருந்தா எடுத்துக்கிட்டு வெளிய வாங்கோ!”

ராயப்பன் வெளியே வரவில்லை. மார்பளவுத் தண்ணீரில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பாவம், அதிர்ச்சியில் வாயடைத்துவிட்டது என்று கூட்டத்தில் சொன்னார்கள். தன்னால்தானே எல்லாம் என்று ஆனந்தராஜ் சேற்றில் அப்படியே உட்கார்ந்து அழுதார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சரசம்மா கொய்யா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என்ன கூட்டம் என்று கேட்டாள். பாறைக்குப் பின்னால் ஏதோ பெட்டி பார்க்க வந்த இடத்தில் அந்த ஆளுடைய ஆறு வயதுப் பையனைக் காணோம், அதான் போலீசுக்குப் போன் போடுகிறார்கள் என்று டிராக் சூட் அம்மாள் சொன்னாள். சரசம்மா ஏரிக்குள் நிற்கிற ராயப்பனைப் பார்த்தாள். சேற்றில் உட்கார்ந்திருக்கிற ஆனந்தராஜைப் பார்த்தாள். பிறகு வண்டிச் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

“போனைக் கீழ வையிண்ணா, ரெண்டு வருசமா எதிர்லயே கடை போட்டிருக்கேன், அந்தப் பொட்டியைத் தேடி வர்றவங்க அத்தனை பேரும் ஒண்டியாத்தான் வருவாங்க, புள்ளையோட இதுவரைக்கும் ஒருத்தர்கூட வந்ததில்ல, ரெண்டு பேராச் சேர்ந்து வந்ததே இவங்கதான் மொதல்ல.”